200 சொல் கட்டுரைக்குப் பின்னால் உள்ள நீண்ட வரலாறு





இது சற்று நீளமான பதிவு. பரீட்சைக்காலம் நெருங்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைப் பல பெற்றோர் கேட்கிறார்கள்: "டீச்சர், இந்த முறை இங்லீஷ் பேப்பருக்கு எந்தக் கட்டுரை வரும்? எதைப் பாடமாக்கச் சொல்ல?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வரி மனதில் பதியாது. அதனால் இந்தக் கட்டுரை வினா எங்கிருந்து வந்தது, யார் யாரைக் கடந்து நம் பிள்ளைகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது என்ற வரலாற்றையும் சேர்த்து எழுதுகிறேன். வாசித்து முடித்தால் என் பதிலின் காரணம் விளங்கும், இன்ஷா அல்லாஹ்.

முதலில் விடயத்துக்கு வருவோம். சாதாரண தர ஆங்கில வினாத்தாளின் இரண்டாம் பகுதிக்கு இரண்டு மணித்தியாலம். அதன் கடைசியில் ஏறத்தாழ 200 சொற்களில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லி வரும். பிள்ளை முன்னைய வினாக்களையெல்லாம் செய்துவிட்டு, களைத்துப்போய், கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த இடத்துக்கு வருகிறது. அங்கே இரண்டு காட்சிகளைத்தான் அதிகம் காணலாம். ஒன்று, பாடமாக்கி வந்த கட்டுரையைத் தலைப்புக்குப் பொருந்தாவிட்டாலும் கொட்டிவிடுவது. மற்றது, நான்கு வரி எழுதிவிட்டு, அடுத்து என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனையைக் கடிப்பது. இரண்டுக்கும் நாம் வழமையாகச் சொல்லும் காரணம் "பிள்ளைக்கு இங்லீஷ் வராது" என்பது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி திட்டமிடல். அதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

*சீனத்துச் சிற்றறைகள்*

எழுத்துப் பரீட்சை வைத்து அரச உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் சீனர்கள். ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நீடித்த அந்த முறை 1905இல்தான் ஒழிக்கப்பட்டது. மாகாண மட்டப் பரீட்சைக்கு வருபவர்கள் வாசலில் சோதிக்கப்பட்டு, வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகளில் தனித்தனியாக அமர்த்தப்படுவார்கள். அறைக்குள் இரண்டு பலகைகள். ஒன்று ஆசனம், மற்றது மேசை. இரவில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அதுவே கட்டில். அங்கேயே சமைத்து, அங்கேயே உறங்கி, முதலில் வரைவு எழுதி, பிறகு நல்ல பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும்.

விடைத்தாளில் பெயர் மறைக்கப்படும். அதோடு விடவில்லை. கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக, எழுத்தர்கள் முழு விடையையும் சிவப்பு மையில் மீண்டும் படியெடுப்பார்கள். திருத்துபவர் அந்தப் பிரதியைத்தான் பார்ப்பார். இன்று நம் பிள்ளைகள் பெயர் எழுதாமல் சுட்டெண் மட்டும் எழுதுகிறார்களே, அதன் நோக்கமும் இதுதான். மந்திரியின் மகனும் மண் சுமப்பவரின் மகனும் ஒரே தாளில் தெரிய வேண்டும்.

ஆனால் மனிதன் வழி கண்டுபிடிக்காமல் இருப்பானா? 15ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் "எட்டுக்கால் கட்டுரை" என்ற இறுக்கமான வடிவம் நிலைபெற்றது. முதல் இரண்டு வாக்கியங்களிலேயே தலைப்பை உடைத்துத் திறந்து காட்ட வேண்டும், பிறகு இணை இணையாகக் கருத்துகளை அடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு பகுதிக்கும் விதி இருந்தது. வடிவம் தெரிந்ததும் புத்தகக் கடைகளில் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் வந்துவிட்டன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கூ யென்வூ என்ற அறிஞர் ஒரு பழக்கத்தைக் கண்டித்து எழுதியிருக்கிறார். வசதியான வீடுகளில் பெயர்பெற்ற ஆசிரியரைக் கூலிக்கு அமர்த்துவார்களாம். வரக்கூடிய தலைப்புகளை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பாராம். பிள்ளை அதைப் பாடமாக்கிக்கொண்டு போய் மண்டபத்தில் அப்படியே எழுதிவிடுமாம்.

இது எங்கோ கேட்டதுபோல இல்லையா? முன்னூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய டியூஷன் வகுப்பு அது. "ஊகிக்கப்பட்ட தலைப்புகள்" என்று இன்று கைக்குக் கை மாறும் பிரதிகள் புதிய கண்டுபிடிப்பு அல்ல.

*நமது மரபு எது?*

இந்த இடத்தில் நம் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இஸ்லாமியக் கல்வி மரபில் அறிவு வாயிலிருந்து செவிக்குப் போனது. ஆசிரியர் முன் அமர்ந்து ஓதி, ஒப்புவித்து, இஜாஸா பெறுவதுதான் பரீட்சை. குர்ஆனை ஓர் எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் சுமப்பது நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். எங்கள் ஊரிலும் பத்துப் பன்னிரண்டு வயதில் ஜுஸ்உகளை மனனமிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அங்கே நோக்கமே பாதுகாப்பது. ஒரு சொல்லும் மாறக்கூடாது. கட்டுரையின் நோக்கம் வேறு. கேட்ட கேள்விக்குப் பிள்ளை தானே யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரே திறமையை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிப் பாவிக்க முடியாது.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1406இல் வபாத்தான இப்னு கல்தூன் தனது முகத்திமாவில் இதையே பேசுகிறார். அவர் காலத்து வடமேற்கு ஆபிரிக்க (மக்ரிப்) வகுப்புகளில் மாணவர்கள் வாய் திறக்காமல் அமர்ந்து, தேவைக்கு மேல் மனனம் செய்வதில் மூழ்கியிருந்தார்கள். அதனால் விடயத்தைக் கையாளும் ஆற்றல் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்று குறைப்படுகிறார். மொரோக்கோவில் மாணவர் மத்ரஸாவில் தங்கும் காலம் 16 ஆண்டுகள், தூனிஸில் 5 ஆண்டுகள் என்று ஒப்பிட்டும் காட்டுகிறார். அந்த ஆற்றல் வளர அவர் சொல்லும் எளிய வழி, பேசுவதும் விவாதிப்பதும். மனனம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மனனம் மட்டும் போதாது என்றார். 600 ஆண்டுக்குப் பிறகும் அது நமக்குப் பொருந்துகிறது.

*இங்கிலாந்தில் பூட்டிய கதவு*

இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களிலும் பழைய பரீட்சை வாய்மொழியாகத்தான் இருந்தது. இலத்தீன் மொழியில் எழுந்து நின்று வாதாட வேண்டும். 18ஆம் நூற்றாண்டிலிருந்து கேம்பிரிட்ஜில் அது சிறிது சிறிதாக எழுத்துக்கு மாறியது. எல்லோருக்கும் ஒரே வினா, ஒரே நேரம், ஒரே மண்டபம் என்ற ஒழுங்கு அப்படி உருவானது.

அரச உத்தியோகம் மட்டும் அப்போதும் சிபாரிசில் ஓடியது. மாமா யார், சித்தப்பா யார் என்பதே தகுதி. இதை மாற்றச் சொல்லி நோத்கோட், ட்ரெவெலியன் இருவரின் அறிக்கை 1854இல் வெளியானது. அதே ஆண்டில் இந்தியச் சிவில் சேவைக்கு ஆள் எடுப்பது பற்றி மெக்காலே தலைமையிலான குழுவும் அறிக்கை கொடுத்தது. 1855இல் முதலாவது திறந்த போட்டிப் பரீட்சை நடந்தது. மெக்காலே குழு முன்வைத்த மொத்தப் புள்ளிகள் 6875. அதில் ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் 1500. அரபுக்கு 375, சமஸ்கிருதத்துக்கு 375. எந்தப் பாடத்தில் எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு அந்தக் கதவு திறப்பது கடினம்.

1858இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பாடசாலை மாணவர்களுக்கும் உள்ளூர்ப் பரீட்சைகளை ஆரம்பித்தது. முதலில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். 1863இல் ஒரு சோதனை முயற்சியாகப் பெண்பிள்ளைகளையும் எழுதவிட்டார்கள். மூத்த பிரிவு மாணவியரில் பெரும்பாலோர் எண்கணிதத்தில் சித்தியடையவில்லை. "பெண்களுக்குக் கணக்கு வராது" என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. ஆனால் அவர்களின் ஆசிரியைகள் காரணத்தை அறிந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு எண்கணிதம் ஒழுங்காகக் கற்பிக்கப்படவே இல்லை. கற்பித்தார்கள். 1865இல் பெண்களுக்குப் பரீட்சை முறைப்படி திறக்கப்பட்டபோது அந்தத் தோல்வி பெருமளவு குறைந்திருந்தது.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. "வராது" என்று நாம் முத்திரை குத்துவதில் எத்தனை விடயம் "சொல்லிக் கொடுக்கவில்லை" என்பதாக இருக்கும்?

*கப்பலில் போன விடைத்தாள்கள்*

கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தது 1880இல். லண்டன் மெட்ரிகுலேஷன் 1882இல். கொழும்பில் எழுதிய விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்து போய்த் திருத்தப்பட்டு, பெறுபேறு கடல் கடந்து வந்தது. அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தவருக்கு எழுதுவினைஞர் வேலை முதல் சட்டம், மருத்துவம் வரை வாசல்கள் திறந்தன. சித்தியடையாதவருக்கு, அல்லது அந்தப் பாடசாலைக்கே போக வசதியில்லாதவருக்கு, கச்சேரி வாசலில் காசு கொடுத்துப் பெட்டிசம் எழுதுவிப்பதுதான் விதி. தன் காணிப் பிரச்சினையைத் தானே அதிகாரிக்கு எழுதத் தெரியாமல், இன்னொருவரின் சொல்லை நம்பிக் கைநாட்டு வைத்த மூத்தோர் எத்தனை பேர்!

இந்த நிலைமையை நம் சமூகத்தில் முன்கூட்டியே கண்டவர்களில் முதன்மையானவர் அறிஞர் எம். சி. சித்திலெப்பை. 1838இல் பிறந்தவர், கண்டியில் சட்டத்தரணியாக இருந்தவர். 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் "அசன்பே சரித்திரம்" எழுதினார். மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அவர் கேலி செய்யவில்லை. மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பாடசாலையை நாமே கட்டுவோம் என்றார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த அராபி பாஷாவின் ஊக்கமும், வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் சேர, 1892இல் கொழும்பு மருதானையில் அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி அதுதான்.

ஆனாலும் பாதை நீண்டது. திறந்த போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். ஆண்டு 1875. முதல் முஸ்லிம் ஏ. எம். ஏ. அஸீஸ். ஆண்டு 1935. இடையில் 60 ஆண்டுகள்! இந்த 60 ஆண்டுகளில் நம் சமூகத்தில் அறிவாளிகள் பிறக்கவில்லையா? பிறந்தார்கள். வணிகத்தில் கணக்கை மனதிலேயே போட்டார்கள், அரபுத் தமிழில் பாட்டுக் கட்டினார்கள். அந்தக் குறிப்பிட்ட மண்டபத்தில், அந்தக் குறிப்பிட்ட மொழியில், குறித்த நேரத்துக்குள் எழுதும் பயிற்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்றவர். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது கிழக்கு முஸ்லிம்களின் வறுமையையும் கல்வி நிலையையும் நேரில் கண்டார். தான் கடந்து வந்த கதவைத் தனக்குப் பின்னால் சாத்திவிடவில்லை. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்க முன்னின்றார். பிறகு சிவில் சேவைப் பதவியையே விட்டுவிட்டு, 1948இல் ஸாஹிராவின் அதிபரானார். அவருக்கு முன் 1921 முதல் அந்தக் கல்லூரியைத் தாங்கி வளர்த்தவர் கலாநிதி ரீ. பி. ஜாயா. இருவரும் ஆசிரியப் பணியை உயர்வாக எண்ணியவர்கள்.

*இலவசமாகக் கிடைத்ததும் கிடைக்காததும்*

1945 ஒக்டோபரில் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் என்ற சுவர் விழுந்தது. மத்திய மகா வித்தியாலயங்கள் கிராமங்களுக்கு வந்தன. பின்னர் போதனாமொழி தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாறியது. இன்று இந்தப் பதிவை எழுதுபவளும் வாசிப்பவர்களில் பலரும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்தான். அதன் பெறுமதியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ஆங்கிலம் எல்லாப் பாடத்தையும் சுமந்த மொழி என்ற நிலையிலிருந்து ஒரு தனிப் பாடமாகச் சுருங்கியது. முன்பு ஆங்கிலப் பாடசாலைகளில் வாராவாரம் கட்டுரை எழுதுவித்தார்கள். எழுதுமுன் குறிப்பு எடு, பந்தி பிரி, முடிவை யோசி என்று ஆசிரியர் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிக் கொடுப்பார். வினா நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் இருந்த அந்த வாராந்தப் பழக்கம் வந்து சேரவில்லை. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், வாரத்தில் சில பாடவேளைகள், முடிக்க வேண்டிய பாடப்புத்தகம். கட்டுரை "வீட்டில் எழுதி வாருங்கள்" ஆகிவிடுகிறது. வீட்டில் உதவ ஆள் இருக்கும் பிள்ளை எழுதி வரும். இல்லாத பிள்ளை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதி வரும்.

பெயரை மறைத்து, சுட்டெண் கொடுத்து, ஒரே நேரத்தில் ஒரே வினாவைக் கொடுத்தால் நீதி வந்துவிடும் என்று அன்று நினைத்தார்கள். மண்டபத்துக்குள் நீதி வந்தது. மண்டபத்துக்கு வெளியே, யாருக்கு அந்தக் கலை சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதில் நீதி வரவில்லை. சீனத்து வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் இருந்த வித்தியாசம் இன்னும் அப்படியே இருக்கிறது.

*அந்தக் கலைதான் என்ன?*

பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. ஒரு மாதிரியைக் காட்டுகிறேன். தலைப்பு: "எனது ஊரில் நான் மாற்ற விரும்பும் ஒரு விடயம்." கட்டுரைக்கு 35 நிமிடம் ஒதுக்குவோம். அதை இப்படிப் பிரிக்கலாம்:

6 நிமிடம் திட்டமிட.
24 நிமிடம் எழுத.
5 நிமிடம் வாசித்துத் திருத்த.

24 நிமிடத்தில் 200 சொல் என்றால் நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது சொல்தான். இது மெதுவான வேகம். பதற்றப்பட ஒன்றுமில்லை என்பதைப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டே காட்டுங்கள்.

முதல் இரண்டு நிமிடம் தலைப்பைப் படிக்க. "ஒரு விடயம்" என்றால் ஒன்றுதான். பாதை, குப்பை, விளையாட்டு மைதானம், போதைப்பொருள் என்று நான்கையும் எழுதினால் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. "மாற்ற விரும்பும்" என்றால் குறை சொல்வது மட்டும் போதாது, எப்படி மாற்றுவது என்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு சொல்லின் கீழும் கோடு போடச் சொல்லுங்கள்.

அடுத்த நான்கு நிமிடம் குறிப்பு எடுக்க. வசனம் வேண்டாம், சொற்கள் போதும். தமிழில் தோன்றினால் தமிழிலேயே குறிக்கட்டும். பிள்ளை வாய்க்காலில் குப்பை போடுவதைத் தெரிவு செய்கிறது என்று வைப்போம்:

பந்தி 1: எந்த வாய்க்கால், எங்கே, ஏன் அதை மாற்ற வேண்டும். 30 சொல்.
பந்தி 2: என்ன நடக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஓடாது, நுளம்பு, டெங்கு, பாடசாலை போகும் சிறு பிள்ளைகள். 70 சொல்.
பந்தி 3: எப்படி மாற்றலாம். வீடுகளில் குப்பையைத் தரம் பிரித்தல், பிரதேச சபை வண்டி ஒழுங்காக வருதல், பாடசாலை மாணவர் குழு. 70 சொல்.
பந்தி 4: மாறினால் ஊர் எப்படியிருக்கும். 30 சொல்.

கூட்டிப் பாருங்கள், 200. இனிப் பிள்ளை வெற்றுத் தாளைப் பார்த்து "அடுத்து என்ன?" என்று தடுமாறத் தேவையில்லை. அடுத்தது என்னவென்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. மூளை இனி ஆங்கில வசனத்தை மட்டும் கவனித்தால் போதும். யோசிப்பதையும் ஆங்கிலத்தில் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யப் போவதால்தான் பல பிள்ளைகள் இரண்டிலும் விழுகிறார்கள். திட்டம் அந்த இரண்டு வேலையையும் பிரித்துவிடுகிறது. ஆங்கிலம் பலவீனமான பிள்ளைக்குத்தான் திட்டம் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

எழுதும்போது சின்ன வசனம் போதும். ஒரு வசனத்தில் ஒரு கருத்து. தெரியாத பெரிய சொல்லைத் தேடி நிற்க வேண்டாம், தெரிந்த சொல்லால் சுற்றிச் சொல்லட்டும். "வடிகாலமைப்பு" என்பதற்கு ஆங்கிலம் தெரியாவிட்டால், "தண்ணீர் போகும் வழி" என்பதை எழுதத் தெரிந்தால் போதும்.

கடைசி 5 நிமிடத்தில் எல்லாவற்றையும் தேடக்கூடாது. மூன்றை மட்டும்: வினைச்சொல்லின் காலம் மாறிவிட்டதா, எழுவாயும் வினையும் பொருந்துகின்றனவா, பெரிய எழுத்தும் முற்றுப்புள்ளியும் சரியா. திருத்துபவர் உள்ளடக்கம், ஒழுங்கமைப்பு, மொழி, எழுத்துப்பிழை என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். மொழியில் குறை இருந்தாலும் உள்ளடக்கத்துக்கும் ஒழுங்குக்கும் உரிய புள்ளி இருக்கிறது. ஒன்றும் எழுதாத தாளுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

இன்னொன்று. கட்டுரை வினாத்தாளின் கடைசியில் இருக்கிறது என்பதற்காக மிஞ்சும் நேரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். மண்டபத்தில் அமர்ந்ததுமே "இத்தனை மணிக்குக் கட்டுரையைத் தொடங்குவேன்" என்று நேரத்தைக் குறித்து வைக்கட்டும். அந்த நேரம் வந்ததும், தெரியாத சிறு வினாவை விட்டுவிட்டுக் கட்டுரைக்குப் போய்விட வேண்டும்.

*அப்படியென்றால் பாடமாக்குவதே வேண்டாமா?*

வேண்டும். ஆனால் முழுக் கட்டுரையை அல்ல. கருத்தைத் தொடங்கும் வசன அமைப்புகள், காரணம் சொல்லும் இணைப்புச் சொற்கள், உதாரணம் காட்டும் சொற்கள், அடிக்கடி பிழைக்கும் எழுத்துக்கூட்டல்கள் ஆகியவற்றைப் பாடமாக்கட்டும். இவை செங்கல்லும் சீமெந்தும். எந்தத் தலைப்பு வந்தாலும் இவற்றைக் கொண்டு வீடு கட்டலாம். கட்டி முடித்த வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனால், காணி வேறாக இருக்கும்போது என்ன செய்வது?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், பிள்ளைக்கு ஒரு தலைப்பைத் தமிழில் சொல்லுங்கள். கடிகாரத்தை முன்னால் வையுங்கள். ஆறு நிமிடத்தில் நான்கு பந்திக்கும் குறிப்பு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு "ஏன் மகள் இதை முதலில் வைத்தாய்?", "இது கேட்டதற்குப் பதிலா மகன்?" என்று கேளுங்கள். பிள்ளை வாய் திறந்து காரணம் சொல்லட்டும். இப்னு கல்தூன் சொன்ன பேச்சும் விவாதமும் உங்கள் வீட்டு விறாந்தையிலேயே நடக்கும். உம்மா பத்தாம் வகுப்போடு நின்றவராக இருந்தாலும் இதைச் செய்யலாம். திட்டம் சரியா என்று பார்க்கப் பொது அறிவு போதும்.

உயர் தரத்திலும் பொது ஆங்கிலத்தில் இந்தக் கட்டுரை காத்திருக்கிறது. வேலைக்கான போட்டிப் பரீட்சைகளிலும் காத்திருக்கிறது. அதையெல்லாம் விட, நாளை ஒரு திணைக்களத்துக்கோ வங்கிக்கோ தன் பிரச்சினையை ஒழுங்காக நாலு பந்தியில் எழுத வேண்டிய நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும். அன்று கச்சேரி வாசலில் நம் மூத்தோர் நின்றதுபோல அது நிற்கக்கூடாது.

எங்கள் ஊரில் பாடசாலைக் காலத்தைத் தாண்டிய, ஆங்கிலம் நன்றாக எழுதக்கூடிய சகோதர சகோதரிகள் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால், ஐந்து பிள்ளைகளின் திட்டத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். பணம் தேவையில்லை, மேடை தேவையில்லை. அன்று ஒருவர் சிவில் சேவையை விட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்தார். நம்மிடம் கேட்கப்படுவது வாரத்தில் ஒரு மணித்தியாலம்.

முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்: எந்தக் கட்டுரை வரும் என்று எனக்கும் தெரியாது. எது வந்தாலும் முதல் ஆறு நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளையை நாம் அனுப்பலாம்.

பரீட்சை எழுதவிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் துஆச் செய்யுங்கள். பயன் தரும் என்று நினைத்தால் தரம் 10, 11 பிள்ளைகளின் பெற்றோருக்குப் பகிருங்கள். உங்கள் பிள்ளைகள் ஆறு நிமிடத்தில் எடுத்த குறிப்புகளைக் கொண்டு வந்து காட்டினால் பார்த்துக் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.